குழுத் தலைவர் வைத்த பொறிகள்

அனுப்புநர்:
ரோஸ் கபஹெண்டா,
ஆசிரியை, தொடக்கப் பள்ளி,
கிகோரா, புன்யோரோ.

பெறுநர்:
மாவட்ட வனவிலங்கு அலுவலர் அவர்கள்.

பொருள்: சிம்பன்சியைக் கொன்ற பாதுகாப்புக் குழுத் தலைவர் எவரிஸ்ட் கசைஜாவைத் தண்டிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்க் காட்டில் பதின்மூன்று சிம்பன்சிகள் இருந்தன. இப்போது பன்னிரண்டு. அவற்றைக் காக்க ஊரும் பள்ளியும் சேர்ந்து அமைத்த குழுவுக்குக் கசைஜா தலைவர், நான் செயலாளர்.

2. சிம்பன்சிகள் வரும் வழி தெரிந்தால் ஊரார் ஒதுங்கிப் போவார்கள் என்று நம்பி, அவற்றின் தடங்களை நானே வரைந்து குழுவிடம் கொடுத்தேன். முன்வரிசையில் அமர்ந்து அக்கறையாகக் குறிப்பெடுத்தவர் கசைஜா. வேலியே பயிரை மேயும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

3. கடந்த மாதம், என் வரைபடத்தில் உள்ள ஓடையில், குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தின்மேல் இலை மூடி வைத்திருந்த இரும்புப் பொறியில் ஒரு தாய்ச் சிம்பன்சியின் கை சிக்கியது. பள்ளிப் பிள்ளைகள் அதற்கு அப்வோலி என்று எம்பாகோ சூட்டியிருந்தார்கள். நம்மில் ஒருவருக்குச் சூட்டுவது போலவே அந்தச் செல்லப்பெயரைச் சூட்டினார்கள். கை அழுகி, பதினோராம் நாள் அது செத்தது. குட்டி இரண்டு நாள் உடலை விட்டு நகரவில்லை.

4. ஊர்க் கூட்டத்தில் கசைஜா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அது பன்னிக்கு வச்ச பொறி. இது வந்து கைய விட்டா நானா பொறுப்பு? டீச்சரம்மா, உங்க மாணவிக்கு நீங்க ஒழுங்கா பாடம் நடத்தலையோ என்னவோ!" சிலர் சிரித்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரி கியோமுகாமா எழுந்து, "பன்னி எப்பய்யா மரத்து மேல நடந்து ஓடையத் தாண்டுச்சு?" என்று கேட்டார்.

5. அன்று முதல் ஊரில் யாரும் அவரை அப்பூலி என்ற அவருடைய எம்பாகோவைச் சொல்லி மரியாதையாக அழைப்பதில்லை. வெறும் கசைஜாதான். எனக்கு அது போதவில்லை. ஊர் வழக்கப்படி ஆட்டை அறுத்துச் சமாதானமாகப் போகச் சொல்கிறார்கள். போக மாட்டேன். என் வரைபடத்தையே கொலைக்குப் பயன்படுத்தியவரை நான் மன்னிக்கவில்லை. என் ஆத்திரத்தைத் தங்களிடம் மறைக்கவும் இல்லை.

6. அவருக்கு ஏழு பொறிகள் செய்து கொடுத்ததாகக் கொல்லர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்வோலியைப் பிடித்ததையும் சேர்த்து ஐந்தை எடுத்துவிட்டோம். வேறு பொறியே இல்லை என்று கசைஜா சாதிக்கிறார். குட்டியும் மற்றவையும் தினமும் நான் வரைந்த அந்த வழியில்தான் போகின்றன.

ஆகவே அவரைப் பதவி நீக்கி வழக்குத் தொடர வேண்டுகிறேன். அதற்கு முன்பாகத் தாங்கள் நேரில் வந்து, அந்த வழி முழுவதும் அவரை வெறுங்காலோடு முன்னே நடக்கச் சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பொறி இல்லையென்றால் அவருக்கு என்ன பயம்? நாங்கள் பின்னால் வருகிறோம்.

இடம்: கிகோரா
நாள்: மார்ச் 14

ஆறாத மனத்துடன்,
(ஒப்பம்) ரோஸ் கபஹெண்டா