ஜெசிந்தாவுக்கான சுருதி

ஞாயிறு, வத்தேகம

தொண்டையில் ஒப்பரேஷன் முடிந்த பிறகு என் சிநேகிதி ஜெசிந்தா இன்றுதான் முதன்முதலாகப் பாடினாள். அவள் மறுபடி மாதா கோயிலில் பாடவேண்டும் என்றே நான் எழுதிய பாட்டு. கிட்டாரில் மைனர் கோர்டுகளாகவே போட்டிருந்தேன். இரண்டு வரி கேட்டுவிட்டு, "என்னடி, நான் செத்தா போயிட்டேன்? அழுவுற மாதிரி இருக்கே," என்றாள்.

மேஜருக்கு மாற்றினேன். பாடத் தொடங்கினாள். சரணத்தில் குரல் உடைந்தது. எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். சுருதியை இரண்டு கட்டை இறக்கி மறுபடி வாசித்தேன். கடைசிவரை பாடிவிட்டாள். பழைய குரல் இல்லை. கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல்.

"இது யாரு குரலுடி?"

"ஒன்னோடதுதான்."

"அப்ப இன்னொரு தடவ வாசி," என்றாள்.

கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் இன்னும் எரிகிறது.