அண்ணை கட்டிய அடியில் ஒரு சொல்

2009 ஏப்ரல் 9

என் அன்பு அண்ணைக்கு,

நாளைக்குப் பெரிய வெள்ளி. நீங்கள் இல்லாமல் வருகிற முதலாவது. நம் எட்மண்டன் கோவிலில் பசாம் பாட்டுப் படிக்க இந்த முறை என்னைத்தான் முன்னுக்கு விட்டிருக்கிறார்கள். ஆண்டவரின் பாடுகளை ஒப்பாரி ராகத்தில் நீங்கள் அடி அடியாகப் பாட, சனம் அதையே திருப்பிப் பாடுமே, அந்தச் சனத்துக்குள் ஒருத்தியாக நின்றவள் நான். இப்போது நித்திரை கொள்ளாமல் இருந்து இதை எழுதுகிறேன். அதற்குப் பாட்டு மட்டும் காரணமில்லை.

ஜனவரியில் காசாவில் சண்டை நடந்தபோது, நமக்கு அடுத்த தெருவில் இருக்கும் யூதர்களின் தொழுகைக்கூடத்து யன்னலை யாரோ கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள். சுவரிலும் சாயத்தால் கெட்ட வார்த்தைகள். அங்கே தொழ வருவது பெரும்பாலும் வயதுபோன ஆட்கள். அவர்கள் யாருக்கு என்ன செய்தார்கள்? நம் பாதரும் பள்ளிவாசல் இமாமும் பேசி, சனிக்கிழமைகளில் அவர்கள் தொழுது முடியும்வரை வாசலில் நிற்க ஆட்கள் வேண்டும் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். குளிரைப் பற்றி யோசிக்காமல் கையைத் தூக்குவது நம் குடும்பத்து வியாதி, உங்களுக்குத் தெரியாததா?

அங்கேதான் ரூத் பழக்கமானார். போலந்தில் பிறந்தவர், உங்களைவிட மூத்தவர். வாசலில் நிற்கிற எங்களுக்கு அவர்தான் தேத்தண்ணி கொண்டுவந்து தருவார். சீனியை அள்ளிப் போடுகிற இமாமை ஒவ்வொரு கிழமையும் ஏசுவார். ஒரு நாள், "உங்கள் மொழியில் எங்களுக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். "யூதர்" என்றேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் பெயரேதான், அப்படியே இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டார். அதன் பிறகு என்னைக் கண்டால் நெஞ்சில் கையை வைத்து "யூதர்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தவக்காலம் தொடங்கியதும், இந்த நாட்களில் நாங்கள் என்ன செய்வோம் என்று விசாரித்தார். அண்ணை கட்டிய பாட்டைப் பாடுவோம் என்று பெருமையாகச் சொன்னேன். கேட்க வரலாமா என்றார். வாங்கோ என்றுவிட்டேன். அப்போதுதான் சொன்னார்: சின்ன வயதில் பெரிய வெள்ளி என்றால் அவருடைய தாய் யன்னல்கள் எல்லாவற்றையும் சாத்திவிடுவாராம். கோவில் முடிந்து வருகிற சனம், இயேசுவைக் கொன்றவர்கள் என்று யூதர் வீடுகளுக்குக் கல்லெறியுமாம். அந்த நாளில் இதுவரை ஒரு கோவில் வாசலையும் அவர் மிதித்ததில்லை. "நீ பாடுகிறாய் என்றால் வருகிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து குசினியில் நின்று பாடிப் பார்த்தேன். "கல்நெஞ்ச யூதர் கைகொட்டிச் சிரித்தாரே." பாரிஸில் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டே நீங்கள் கட்டிய அடி. எத்தனை வருஷம் திருப்பிப் பாடியிருப்பேன்? அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. தமிழ் தெரியாத ரூத்துக்கு, முழுப் பாட்டிலும் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

உங்களில் பிழை பிடிக்கவில்லை, அண்ணை. உங்களுக்கு யூதர் என்றால் பாட்டில் வருகிற ஆட்கள். ஒரு யூதரோடு இருந்து தேத்தண்ணி குடிக்க உங்களுக்கு வாய்க்கவில்லை. ஆனால் எண்பத்து மூன்று கலவரத்தில் வெள்ளவத்தையில் யன்னலைச் சாத்திவிட்டு, 'தெமள' என்று சிங்களத்தில் தமிழரைச் சொல்லும் சொல் தெருவில் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நீங்கள். உங்களுக்கு இது விளங்காமல் போகுமா?

'யூதர்' இருக்கிற இடத்தில் 'நாமே' என்று போட்டால் ராகம் தட்டாது. "கல்நெஞ்சர் நாமே கைகொட்டிச் சிரித்தோமே." உங்களுக்குப் பக்கத்தில் நின்று பாடின சூசை அண்ணையிடம் சொன்னேன். மனுஷனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"செத்த மனுசன்ரை பாட்டிலை கை வைக்கிறியோ? வன்னியிலை எங்கடை சனம் செத்துக்கொண்டிருக்கு. எங்கடை வாசல்லை ஆர் வந்து நிண்டவை? நீ அவையளுக்காகப் பாட்டை மாத்துறாய்."

"ஆரும் வரேல்லை எண்டால் நாங்களும் போகக்கூடாதோ, அண்ணை?"

"உனக்கு விளங்கப்படுத்த ஏலாது. நீ விரும்பினபடி படி. சனம் பழையபடிதான் திருப்பிப் படிக்கும், பார்."

அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. வன்னியில் இருக்கிற சின்னம்மா ஆட்களிடமிருந்து மாசிக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. என் மகன் வேலைக்குப் போகாமல், சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் இருக்கிறான். போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். இந்த நேரத்தில் ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டுகிறாளே என்று சனம் கதைக்கத்தான் செய்யும்.

ஆனால் அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தின்கிறது. நான் 'நாமே' என்று பாட, கோவில் நிறைந்த சனம் பழக்கத்தில் 'யூதர்' என்று ஒரே குரலில் திருப்பிப் பாடினால்? ஒருவருக்கும் ரூத்தில் கோபமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுது அழுது பாடுவார்கள். அது அவருக்கு எப்படித் தெரியும்? வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அந்த அடியை விட்டுவிட்டுப் போகலாமா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

அவர்களுக்கும் இப்போது பாஸ்காப் பெருநாள். மத்தியானம் ரூத் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது என்ன அடி, கட்டியது யார், சனம் என்ன பாடக்கூடும், எல்லாம். யன்னலைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "கதவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் பிடித்து வை" என்றார்.

அண்ணை, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு 'நாமே' என்றுதான் பாடுவேன். சனம் 'யூதர்' என்று திருப்பினால் அடுத்த அடிக்குப் போகமாட்டேன், அதே அடியைத் திரும்பப் பாடுவேன். அதற்குப் பிறகும் திருப்பினால் இன்னொரு முறை. சூசை அண்ணை வாயை மூடிக்கொண்டு நின்றாலும், என் குரல் உடைந்துபோனாலும், ரூத் கதவருகில் இருக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

உங்கள் பாட்டில் கை வைத்த தங்கச்சி,
றெஜினா