வாயுதான், வேறொன்றுமில்லை

பிப்ரவரி 4, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. தலைநகர் ரபாத்திலிருந்து பேருந்து, அப்புறம் ஆறு பேரை அடைத்த டாக்ஸி. இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். "மலைப்பாதை பழக்கமில்ல போல" என்றார் ஓட்டுநர். ஆமாம் என்றேன். அம்மா பிறந்த மலை இது, எனக்கா பழக்கமில்லை?

நாலாம் மாதம். கட்டியவன் என்பதால் முன்ஸிஃபுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். அவ்வளவுதான். கொஞ்ச நாள் போகட்டும் என்று மருத்துவர் சொன்னார், அதனால்தான் அலுவலகத்தில் சொல்லவில்லை.

வந்த வேலை இது: இங்கே மருத்துவமனைக்குப் பக்கத்தில் 'தாய்மார் இல்லம்' என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். மேல் ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே இறங்கி வந்து இலவசமாகத் தங்கலாம். சாப்பாடும் இலவசம். எட்டுக் கட்டில். திறந்த நாளிலிருந்து முக்கால்வாசி நாள் காலி. மேலேயோ பெண்கள் பனியிலும் பாதையிலும் பெற்றுச் சாகிறார்கள். ஏன் வருவதில்லை? மார்ச் கடைசிக்குள் நான் அறிக்கை கொடுக்க வேண்டும். சரியான காரணம் சொல்லாவிட்டால் ஊராட்சி இதை உர மூட்டை அடுக்கும் கிடங்காக்கிவிடும்.

பிப்ரவரி 5, செவ்வாய்

ஆளுக்கொரு காரணம். எங்கள் இயக்குநர் ஜவ்வாத் சார் ரபாத்திலேயே சொல்லிவிட்டார்: தூரம். இங்கே மருத்துவர் சொல்கிறார்: அறியாமை. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் இத்தோ சொல்வது வேறு.

இத்தோவுக்கு நாற்பது வயதிருக்கும். வாய் மட்டும் அறுபது வருஷம் பேசிய வாய்.

"பத்து நாள் இங்க உக்காந்து என்ன பண்ணுவா ஒருத்தி? மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கிடக்கணுமா? கை சும்மா இருந்தா பொம்பளைக்கு வீடே ஜெயிலு. ஒரு தறி வச்சுக் குடுங்க, அப்புறம் பாருங்க."

"தறிக்காகவா உயிரைப் பணயம் வைப்பாங்க?"

"ஏ ரபாத்துக்காரி, நீ காயிதத்துல எழுது. நான் சொல்லிட்டேன்."

எழுதிக்கொண்டேன். நம்பவில்லை.

இல்லம் சுத்தமாக இருக்கிறது. போர்வை கம்பளி வாசம். முன்சுவரில் ஆள் உயரத்துக்குப் பெரிய வயிற்றோடு ஒரு பெண்ணின் படம், சிவப்புச் சாயத்தில். நல்ல ஓவியர்தான்.

பிப்ரவரி 8, வெள்ளி

மேல் ஊருக்குப் போனேன். கோவேறு கழுதை வேண்டாம் என்று நடந்தே போனேன் — ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

துதாவைப் பார்க்கத்தான் போனேன். போன குளிர்காலத்தில் வலி கண்டு, தூக்கிக்கொண்டு இறங்கும்போது பாதையிலேயே பிறந்து பாதையிலேயே போய்விட்டதாம் குழந்தை. இத்தோதான் சொன்னாள். துதா மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்றும் சொன்னாள், தாழ்ந்த குரலில், யாரோ ஒட்டுக்கேட்பது போல.

துதா சின்னப் பெண். பார்லி ரொட்டியும் வெண்ணெயும் வைத்தாள், தேநீர் ஊற்றினாள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு கோடுபோட்ட போர்வை. அம்மாவின் மொழி எனக்கு முக்கால்வாசி வரும். அதிலேயே கேட்டேன்.

"எத்தனை மாசம் துதா?"

"என்ன மாசம்?"

"வயித்துல..."

"ஓ, இதுவா? வாயு." முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பருப்பு ஒத்துக்கல."

ஆறு மாத வாயு! அடுப்பருகே இருந்த மாமியார் தலையைத் தூக்காமலே, "அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே வாயுதான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இறங்கி வரும்போது கோபமாக மாறிவிட்டது. ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவள். பக்கத்தில் ஆள் இல்லாத எட்டுக் கட்டில். மே மாதத்தில் இவளுக்கும் பாதைதானா? தூரம் இல்லை, இறங்க முடிகிறது, சந்தைக்கு வருகிறாள். அறியாமை இல்லை, இல்லம் எங்கே இருக்கிறது என்று எனக்கே வழி சொன்னாள். அப்புறம் என்னடி உனக்கு?

பிப்ரவரி 10, ஞாயிறு

எதுவும் பிடிபடவில்லை. கணவன் விடவில்லையா? விடுகிறான். ஆண் மருத்துவரா? இல்லை, செவிலி பெண்தான். சாப்பாடா? இத்தோவின் அவரைச் சூப்பை நானே இரண்டு கிண்ணம் குடித்தேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

காலையில் இத்தோ எண்ணெயில் பூண்டு தாளித்தாள். கொல்லைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது கரண்டியோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ புள்ள, முழுகாம இருக்கியா?"

"சே, சே. வாயு."

என் வாயிலிருந்துதான் வந்தது. அதே வார்த்தை! துதா சொன்ன அதே முகத்தோடு சொல்லியிருப்பேன். இத்தோ "ஓஹோ" என்று கரண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் பொய் சொன்னேன்? கேட்டவள் இத்தோ, அவளால் எனக்கென்ன கெடுதல்? மருத்துவர் சொன்னார் என்று இதே நோட்டில் நாலாம் தேதி எழுதியிருக்கிறேன். மருத்துவர் அப்படிச் சொல்லவே இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஊருக்கே சொல்லலாம் என்றுதான் சொன்னார். சொன்னது அம்மா. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுடி. எந்த மாசம்னு எவகிட்டயும் வாயத் தொறக்காத." நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, கண் படாமலிருக்க அம்மா கொடுத்த தாயத்தை, அந்தச் சின்ன வெள்ளிக் கையை, உள்ளாடையில் குத்திக்கொண்டேன். இப்போதும் குத்தியிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கினவள்!

இரு, இரு. வயிறு இருப்பதையே சொல்லாதவள், இன்னும் பத்து நாளில் பெறப்போகிறேன் என்று எப்படிச் சொல்வாள்? இந்த வீட்டுக்குள் காலை வைத்தால் அதைத்தானே சொல்கிறாள்?

பிப்ரவரி 13, புதன்

சந்தை நாள். சோதித்துப் பார்க்காமல் விடுவதா? கையில் பையோடு சந்தைக் கூட்டத்தின் நடுவே நடந்து, இல்லத்தின் முன்கதவைத் திறந்து உள்ளே போனேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தேன்.

கதவுக்கு நேர் எதிரே புதினாக்காரர். பல்லெல்லாம் தெரிய, "ஆம்பளப் புள்ளையா பொறக்கட்டும் மகளே!" என்றார். ஆரஞ்சுக்காரர் ஒரு பழத்தைக் கையில் திணித்தார்: "எப்போ? இந்த வாரமா?" கழுதைக்கு லாடம் அடிப்பவன்கூடத் திரும்பிப் பார்த்தான். நாலு எட்டு வைப்பதற்குள் பள்ளத்தாக்குக்கே பெற்றுக் கொடுத்துவிட்டேன்.

உடம்பு கூசியது. கை தன்னால் வெள்ளிக் கையைத் தேடியது. சுவரில் அந்தச் சிவப்பு வயிறு. கதவு சந்தைக்கு. நம்மவர்கள் கட்டியது தங்கும் வீடு இல்லை, தண்டோரா!

ஆரஞ்சு நன்றாக இருந்தது. இரண்டாவதும் வாங்கினேன்.

பிப்ரவரி 14, வியாழன்

இத்தோவிடம் உண்மையைச் சொன்னேன். "வாயுவுக்குக் கால் முளைச்சாச்சா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். தறி பற்றி மறுபடி கேட்டேன். இங்கே தறி இருந்தால், இறங்கி வருகிறவள் ஊரிடம் என்ன சொல்லிக்கொண்டு வருவாள்?

"கம்பளம் நெய்யப் போறேன்னு சொல்லுவா, வேறென்ன சொல்லுவா?" என்றவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அடியே!"

பொழுது போகட்டும் என்றுதான் அவள் தறி கேட்டாள். அது சாக்காகவும் ஆகும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மார்ச் 18, திங்கள் — ரபாத்

அறிக்கைக் கூட்டம். வயிற்றை மறைக்கப் பெரிய சால்வை. ஜவ்வாத் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், நல்ல சகுனம் இல்லை.

"பஹீஜா, கண்ணு படும்னு அறிக்கையில எழுதினா மேல இருக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"கண்ணுன்னு நான் எழுதலையே சார். அந்தரங்க உரிமைன்னுதான் எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணா?"

"ரபாத்துல ஒரு பொண்ணோட ஸ்கேனை நோட்டீஸ் போர்டுல ஒட்டினா வழக்குப் போடுவா. அவளுக்கு அது உரிமை. மலையில இருக்கிறவ அதையே கேட்டா மூடநம்பிக்கையா?"

குரல் உயர்ந்துவிட்டது. ஆகட்டும்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்றார்.

சால்வையை எடுத்தேன். அவர் பார்த்தார். அப்புறம், "எப்போ?"

"தெரியல சார்."

அறையே சிரித்தது, நானும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "என் வீட்டுக்காரி ஏழாம் மாசம் வரைக்கும் எங்கம்மாகிட்டயே மூச்சு விடல" என்றார். "எழுதுங்க. ஆனா செலவு கம்மியா இருக்கணும்."

ஏப்ரல் 17, புதன்

ஆறு மாதச் சோதனைக்கு ஒப்புதல். சந்தைக் கதவுக்குப் பூட்டு, ஓடைப் பக்கம் புதுக் கதவு, சுவருக்கு வெள்ளை, இரண்டு தறி. ஆறு மாதத்தில் ஆள் வராவிட்டால் உர மூட்டைதான்.

மே 9, வியாழன்

நோன்பு தொடங்கி மூன்றாம் நாள். யாரும் வரவில்லை என்கிறாள் இத்தோ. துதாவுக்கு இந்த மாதம்தான். தூக்கம் வரவில்லை. நான் நினைத்தது தப்போ? அல்லாவே, அந்தப் பாதை மட்டும் வேண்டாம்.

மே 14, செவ்வாய்

இத்தோவிடமிருந்து ஒரே ஒரு வரி: "மேல் ஊரிலிருந்து ஒருத்தி நூல் மூட்டையோடு வந்திருக்கிறாள்."

மே 23, வியாழன்

நோன்பு திறக்கும் நேரம். ஹரீரா சூப் கொதித்துக்கொண்டிருந்தது, போன் அடித்தது. இத்தோ.

"துதா கம்பளத்தை இறக்கிட்டா."

"நல்லா வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்ல கனம். நெசவு கெட்டி. சத்தந்தான் காது கிழியுது."

"கம்பளம் சத்தம் போடுமா இத்தோ?"

"இது போடுது, கேளு."

போனை அங்கே நீட்டினாள். கேட்டேன். முன்ஸிஃப் அடுப்பை அணைத்தான். நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். துதா குரல் பின்னால், களைத்துப் போய்: "ரபாத்துக்காரியோட வாயு எப்படி இருக்குன்னு கேளு."

ஜூலை — தேதி எழுதப் போவதில்லை

பை கட்டியாயிற்று. முன்ஸிஃப் கீழே வண்டியைத் திருப்புகிறான். படியில் மாடிவீட்டு ஃபித்னா எதிரே வந்தாள். என் வயிற்றைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கம்பளம் நெய்ய" என்றேன்.