உறையில் அவர் பெயர், உள்ளே உன் குரல்

என் பிரிய அளியா, ஜெபராஜ் மச்சானே,

இதைப் பத்திரிகையில் போட்டு ஊரே படிக்கும்படி எழுதுகிறேன் என்று கோபிக்காதே. தனியாக எழுதினால் அனுப்ப விலாசம் இல்லை என்று சாக்குச் சொல்லிக் கிழித்துப் போட்டுவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

காலையிலிருந்து மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு தடவை மின்விசிறியைக் குறைக்க, ஒரு தடவை கூட்ட. மூன்றாம் தடவை எதற்கென்றே தெரியவில்லை. சமையலறை வாசல்வரை போய், என் மனைவியாகிவிட்ட உன் தங்கையின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். நேற்று மத்தியானத்திலிருந்து கிரேஸி எனக்கு முதுகைத்தான் காட்டுகிறாள். காரணம் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் உன்னிடம் கிதார் படிக்க வந்து பாதியில் ஓடியவர்கள். சபைப் பாடகர் குழுவில் உன் இடத்துக்கு ஒருவர் வந்திருக்கிறார். வெண்ணெய் மாதிரிக் குரல், கேட்டுக்கொண்டே தூங்கலாம். நான் தூங்கினேன், போதகர் பார்த்துவிட்டார். விழிஞ்ஞம் துறைமுகம் இதோ வருகிறது அதோ வருகிறது என்று இன்னமும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் படத்தின் பாட்டுக் கேசட் இப்போது சி.டி.யாக வரப்போகிறது.

‘நம் படம்’ என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். ஐந்து பாட்டுக்கும் இசை நீ, நாலாம் பாட்டுக்கு மட்டும் வரிகள் நான். பொன்முடி தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக் கதை, மலையாளப் படம், பாட்டு ஐந்தும் தமிழ். வித்துராவிலிருந்து பஸ் பிடித்துப் போய், கொழுந்து கிள்ளும் பெண்கள் பாடுவதை நாள் கணக்கில் கேட்டு, அதை எலெக்ட்ரிக் கிதாரிலும் டிரம்ஸிலும் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தாய். கல்லூரி நாளிலிருந்து நீ ராக் வாசித்ததை நான் காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டபோது கையை எடுத்தேன்.

போன வாரம் சி.டி. கம்பெனிக்காரர் போன் செய்தார்.

“சாரே, பழைய கேசட்டுல ஒரு குழப்பம் உண்டல்லோ, அதைச் சரியாக்கி, பெரிய ஆளு பாடினதைத்தான் இறக்குகோம். முன்னுரை சார் எழுதணும். நல்ல தமாஷா. ஜெபராஜ் டேப்பை மாத்தின கதை உண்டல்லே, சார் மேடையில சொல்லுகது, அதுதான் வேணும்.”

“ஆகட்டும்” என்றேன். ஆகட்டும் என்றேன் அளியா! யாராவது தமாஷ் கேட்டால் போதும், என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொள்ளும்.

அந்தக் கதையைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சினிமாப் பாட்டில் முதலில் யாராவது மாதிரிக்குப் பாடி வைப்பார்கள். அதற்கு ‘ட்ராக்’ என்று பெயர். பெரிய பாடகர் வந்து அதைக் கேட்டு, அதே பாட்டைத் தன் குரலில் பாடுவார். ட்ராக் வெளியே வராது. ஐந்துக்கும் ட்ராக் பாடியவன் நீ. பாறையில் சிரட்டையை உரசுகிற குரல் உனக்கு.

கேசட் வந்தது. உறையில் பெரிய பாடகரின் படமும் பெயரும், உள்ளே உன் சிரட்டை. “ஐயோ, அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சே” என்று சாலைக் கடைத்தெருவில் ஒருவர் சுக்குக் காப்பிக்குப் பக்குவம் சொன்னார். டைரக்டர் உன் வீட்டுக்குப் பாய்ந்து வந்து அலமாரியைத் திறந்தார். ‘ட்ராக்’ என்று ஒட்டிய பெட்டிக்குள் பெரியவர் பாடிய டேப் இருந்தது. “தன் குரல்மேல் அவனுக்கு அவ்வளவு காதல்!” என்று நான் முடிப்பேன். கூட்டம் கைதட்டும். இரண்டு தடவை நீயே முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தாய்.

எப்படிச் சிரித்தாய்?

ஸ்டிக்கர்களை உரித்து மாற்றி ஒட்டியவன் நான். அன்று உனக்குப் பாடகர் குழுப் பயிற்சி, உனக்குப் பதில் நான் போனேன். ஸ்டுடியோவிலிருந்து இரண்டு பெட்டிகளையும் என் கையில் கொடுத்து, ஒன்றைத் தம்பானூர் ஸ்டேஷனில் காத்திருக்கும் கேசட் கம்பெனி ஆளிடம், மற்றதை உன் வீட்டில் என்றார் ஸ்டுடியோ ஆள். நீதான் கொண்டுபோனாய் என்று டைரக்டர் நினைத்திருந்தார். ஆட்டோவில் வைத்து நகத்தால் உரித்தேன். பசை இன்னும் காயவில்லை, லேசாக வந்துவிட்டது.

உன் குரல்மேல் இருந்த அன்பால் செய்தேன் என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக இருக்கும். உன் குரல் எனக்குப் பிடிக்கும், அது உண்மை. ஆனால் என் கையை நகர்த்தியது அதுவல்ல. நாலாம் பாட்டில் என் இரண்டு வரிகள் வாய்க்கு வசப்படவில்லை என்று பெரியவர் அவற்றை விட்டுவிட்டு அங்கே ‘தந்தன்னா’ போட்டுவிட்டார். உன் ட்ராக்கில் அவை முழுசாக இருந்தன. இரண்டே வரி, அளியா. அச்சில் போட்டால் அரை அங்குலம்.

படம் ஒரு வாரம் ஓடியது. “அந்த ஆளு இருக்கிற ஸ்டுடியோவுக்கு நான் வரமாட்டேன்” என்றார் பெரியவர். அதன்பிறகு உனக்கு இன்னொரு படம் வரவே இல்லை. கல்யாண வீடு, கிறிஸ்துமஸ் கரோல், கிதார் வகுப்பு. பொன்முடி பஸ் டிரைவர்கள் மட்டும் அந்தக் கேசட்டைத் தேய்கிறவரை போட்டார்கள்.

டைரக்டர் வந்த அன்று நானும் கிரேஸியும் உன் வீட்டில்தான் இருந்தோம். அவள் நிறைமாதம், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஜெபராஜே, இது யாரு செய்தது?” என்றார் டைரக்டர்.

நீ என்னைப் பார்த்தாய். பெட்டியை உன்னிடம் கொடுத்தவன் யார் என்று உன்னையும் என்னையும் தவிர அந்த அறையில் யாருக்குத் தெரியும்? பிறகு உன் தங்கையைப் பார்த்தாய்.

“என் அலமாரியிலதானே சார் இருந்துது. பின்ன வேற யாரைக் கேக்கணும்?”

அவர் போனதும் என்னிடம் வந்தாய். அடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். “அளியா, அவளுக்குத் தேதி நெருங்கியாச்சு. ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லி வச்சாச்சா?” என்றாய். அவ்வளவுதான். அதன்பிறகு எத்தனை கரோல், எத்தனை ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு! ஒருநாள்கூட நீ கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? அப்படியென்றால் உன்னைவிட முட்டாள் இந்தத் திருவனந்தபுரத்தில் கிடையாது.

நேற்று முன்னுரை எழுத உட்கார்ந்தேன். “தன் குரல்மேல்” என்று தொடங்கி, அதற்குமேல் பேனா நகரவில்லை. எழுந்துபோய்க் கிரேஸியிடம் சொன்னேன். அவள் மத்தி கழுவிக்கொண்டிருந்தாள்.

“கிரேஸி, அந்த டேப்பை மாத்தினது நான்தான்.”

“மேடைக்குப் புதுசா எழுதினதா?”

“இல்ல. நெசம்.”

குழாயை மூடினாள். திரும்பவில்லை.

“அண்ணன முன்னால இருத்திச் சொல்லிச் சிரிச்சீங்களே, அப்பவும் உங்களுக்குத் தெரியும், அல்லே?”

“ஆமா.”

“பின்ன இஞ்ச வந்து மீனுகிட்டச் சொல்லிட்டு நிக்காதீங்க. எத்தன பேரச் சிரிக்க வச்சீங்களோ, அத்தன பேரும் படிக்க எழுதுங்க. ஒருத்தருக்கும் சிரிப்பு வரப்பிடாது, கேட்டியளா?”

அந்த நிபந்தனையில் நான் ஏற்கெனவே தோற்றுவிட்டேன். இந்தக் கையால் வேறு மாதிரி எழுத வரவில்லை.

நாளைக் காலை டைரக்டர் வீட்டுக்குப் போகிறேன். அவருக்கு இப்போது காது மந்தம். கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும், கேட்கட்டும். முன்னுரைக்குப் பதில் இந்தக் கடிதம்தான் வரும் என்று கம்பெனிக்குப் போனில் சொல்லியாயிற்று. உன் ட்ராக்கைப் போட்டு, பாடியவர் ஜெபராஜ் என்று அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். “பெரிய ஆளு சம்மதிக்கணுமே சாரே” என்றார்கள். அவரிடமும் நானே போய் நிற்கிறேன். எல்லோரும் முடியாது என்று சொல்லவும் கூடும். சொன்னால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் வாக்காகத் தருகிறேன். அந்தக் கதையை இனியும் ஒவ்வொரு மேடையிலும் சொல்வேன். உன் பெயர் வரும் இடத்தில் என் பெயரைப் போட்டுச் சொல்வேன். யாரும் சிரிக்காவிட்டால், அந்த மௌனத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்குவேன்.

உன் தங்கை இன்னும் வீட்டைவிட்டுத் துரத்தாத,
உன் அளியன்