போகாத டீச்சருக்குப் பிரிவு உபசாரம்

செப்டம்பர் 28

அன்புள்ள என்னங்க,

நேரில் கூப்பிடுவதையே எழுதிவிட்டேன். வேறு எப்படி எழுதினாலும் லீவு விண்ணப்பம் மாதிரி இருக்கிறது.

நீங்களும் உங்கள் செல்ல மகள் வாலுவும் சுகம்தானே? போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. இன்றைக்கு நான் சொல்லப் போகும் விஷயத்துக்கு நீங்கள் இரண்டாவது வார்த்தையிலேயே போனை வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நல்ல செய்தி. நேற்று, காலாண்டுத் தேர்வு முடிந்த மதியம், எனக்குப் பிரிவு உபசார விழா நடத்தினார்கள். பத்தாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளி, கரும்பலகையில் கலர் சாக்பீஸால் என்னை வாழ்த்தி எழுதியிருந்தார்கள். அதிலும் ஒரு எழுத்துப் பிழை. தலைமையாசிரியை பேசினார். "இவங்க இல்லாத ஸ்டாஃப் ரூமை என்னால நினைச்சே பார்க்க முடியல" என்றார். அவர் ஸ்டாஃப் ரூமை எட்டிப் பார்த்தே ஒரு வருடம் இருக்கும். விளையாட்டு சார் அழுதார். அந்த மனுஷர் யாருக்குத்தான் அழவில்லை. எல்லாரும் சேர்ந்து சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். நான் பேச எழுந்தேன். "நல்லா இருங்க, மைனஸ் போட மறக்காதீங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விழா முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் இடத்துக்கு வருவதாக இருந்த கணக்கு டீச்சர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாராம். "வேற ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். அரையாண்டு வரைக்கும் மட்டும் இருங்க டீச்சர். பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க முகத்தைப் பாருங்க" என்றார். பார்த்தேன். அங்கேதான் வழுக்கியது. சரி என்று சொல்லிவிட்டேன்.

திட்டுங்கள், பரவாயில்லை. ஜூனில் உங்களுக்கு ஆஸ்பத்திரி லேபில் மாற்றல் வந்தபோது, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் என்று வாலுவையும் உங்களோடு அனுப்பினேன். முதல் பருவம் முடிந்த மறுநாளே வந்துவிடுகிறேன் என்று அவள் தலையைத் தொட்டுச் சொன்னது நான்தான். மறக்கவில்லை. டிசம்பரில் வந்துவிடுவேன், இந்தத் தடவை நிச்சயம். அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். சடை பின்னும்போது சொல்லாதீர்கள், தலையை ஆட்டிவிடுவாள்.

இப்படிக்கு,
வழியனுப்பியும் கிளம்பாத உங்கள் மனைவி

---

அக்டோபர் 5

அன்புள்ள டீச்சரம்மா,

கடிதத்தை வைக்க முடியாது என்று யார் சொன்னது? முதல் பக்கம் படித்துவிட்டு இரண்டு நாள் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தேன்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாலுவும் நானும் பீரோவில் உன் பக்கத்தை ஒழித்து வைத்தோம். அவள்தான் தட்டுகளில் பழைய பேப்பர் விரித்தாள். சமையல் மேடையில் உன் உயரத்துக்கு எட்டும்படி ஆணி அடித்துக் கரண்டிகளை மாட்டினோம். இப்போது உன் பக்கத்தில் என் சட்டைகள் போய் உட்கார்ந்துகொண்டன. கரண்டி எனக்கு இடுப்பில் இடிக்கிறது.

காலை ஷிஃப்ட் இருக்கும் நாட்களில் அவளைத் தூக்கத்திலேயே கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓடுகிறேன். நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் அவளுக்குப் பின்னக் கணக்கு சொல்லித் தருகிறேன். "அம்மா இப்படிச் சொல்லித் தரமாட்டாங்க" என்று நோட்டைப் பிடுங்கிக்கொள்கிறாள். அந்த ஊரில் கூட்டல் கழித்தல் தெரிந்தவள் நீ ஒருத்திதானா? ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆள் பிடிக்க வேண்டியது அதை நடத்துகிறவர்கள் வேலை, உன் வேலை இல்லை. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே அலுத்துவிட்டது.

வாலுவிடம் சொன்னேன். சடை பின்னி முடித்த பிறகுதான்.

"அம்மாவுக்குப் பார்ட்டி வச்சாங்களாப்பா?" என்று கேட்டாள்.

"வச்சாங்கம்மா."

"எல்லாரும் கை தட்டினாங்களா?"

"தட்டியிருப்பாங்க."

"அப்புறமும் அம்மா போகலையா?"

"போகல. அங்கேயேதான் இருக்காங்க."

கொஞ்ச நேரம் ரிப்பன் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, பள்ளிக்கூடம் கிளம்பிப் போய்விட்டாள். மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறாள். உன் மகள்தானே.

டிசம்பர் என்றால் டிசம்பர். பெட்டியைப் பரணில் ஏற்றிவிடாதே.

கோபத்துடன், ஆனாலும் அன்புடன்,
உன் என்னங்க

---

டிசம்பர் 22

அன்புள்ள என்னங்க,

உங்கள் ஊகம் தப்பு. பெட்டி பரணில் இல்லை, கட்டிலடியில் இருக்கிறது. உள்ளே அரையாண்டு விடைத்தாள்கள்.

இந்தக் கடிதம் எதற்கு வருகிறது என்று இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். இருந்தாலும் முழுவதும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருக்கிறது.

நேற்று மறுபடியும் பிரிவு உபசார விழா. அறிவியல் டீச்சரும் விளையாட்டு சாரும் ஒரே நாளில் போகிறார்கள். அதே அறை, அதே பெஞ்சுகள். விளையாட்டு சார் இந்த முறை தனக்காக அழுதார். தலைமையாசிரியை அதே பேச்சைப் பேசினார், "இவங்க"வை "இவங்க ரெண்டு பேரும்" என்று மட்டும் மாற்றிக்கொண்டார். ஆசிரியர்கள் சார்பில் யாராவது பேச வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. அவர்கள் இருவரையும் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, அதுதான் நிஜம். ஒரு வார்த்தை சொன்னார்கள், கிளம்பிவிட்டார்கள். யாரும் அவர்களை அறைக்குக் கூப்பிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கச் சொல்லவில்லை.

கூட்டம் முடிகிற நேரத்தில், "நானும் இன்னிக்குத்தான் போறேன்" என்று பக்கத்தில் இருந்த ஓவிய ஆசிரியரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்களுக்குத்தான் அப்பவே ஆயிடுச்சே டீச்சர். ஒருத்தருக்கு எத்தனை தடவை கேக் வெட்டுறது?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அறிவியல் டீச்சர் வாசல் வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "அக்கா, போறேன்னா போயிடணும். நின்னு யோசிச்சீங்கன்னா உங்க தலையில நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துடுவாங்க" என்றாள். ஆட்டோவில் ஏறியும் அதையே சொன்னாள்.

அவள் சொன்னபடியே நடந்தது. சாயங்காலம் தலைமையாசிரியை என் மேசைக்கே வந்துவிட்டார். "ரெண்டு பேர் போற நேரத்துல நீங்களும் போனா நான் எங்கே போய் நிக்கிறது? பொதுத்தேர்வு வரைக்கும் டீச்சர். மார்ச்சுல நானே உங்களை வண்டி ஏத்தி விடறேன்" என்றார். அறிவியல் வகுப்பையும் என் தலையில் கட்டியாயிற்று. கணக்கு டீச்சருக்கு அறிவியல் வராதா என்ன என்கிறார். எனக்குத் தவளையைப் பார்த்தாலே ஆகாது என்று உங்களுக்குத் தெரியும்.

எல்லாரும் போன பிறகு வகுப்பறையில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். பருவம் முடிந்த வகுப்பறை எப்படி இருக்கும் தெரியுமா? தரையெல்லாம் பேனா மூடி, ஜன்னல் கம்பியில் யாரோ மறந்த டிபன் பை. இந்தப் பருவத்தில் என்ன செய்தேன் என்று யோசித்தேன். கடைசி பெஞ்சுப் பையன்கள் நாலு பேர் வர்க்கமூலம் போடக் கற்றுக்கொண்டார்கள். அதைத் தவிர என் மகளுக்குப் பல் விழுந்ததை உங்கள் வாயால் கேட்டேன். அக்டோபரில் அங்கே வந்த இரண்டு நாளும் விடைத்தாள் திருத்தியே போய்விட்டது.

இந்த விடுமுறையிலாவது நாலு நாள் வரலாம் என்றால் சிறப்பு வகுப்பு போட்டுவிட்டார்கள். எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது. நீங்களும் சேர்ந்து எரிச்சல்படாதீர்கள். மார்ச்தான் கடைசி.

உங்கள்,
கணக்கு மற்றும் அறிவியல்

---

டிசம்பர் 30

டீச்சரம்மா,

நீ எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதில் எழுதவில்லை. இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

வாலுவின் வகுப்பு டீச்சரும் இந்தப் பருவத்தோடு போகிறார் என்று போன மாதமே தெரிந்தது. இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம் இவள் கழிவறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அழுதபோது, வெளியே நின்று கதவைத் தட்டிக் கதை சொன்னவர் அவர்தான். நம் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு. இவள் உடைந்துபோவாள் என்று நான் பயந்தேன். நடந்தது நேர்மாறு. பிரிவு உபசார விழாவுக்கு இவள்தான் தலைவி. கலர் பேப்பர் வெட்டினாள். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வரி பேச வேண்டும் என்று சட்டம் போட்டாள். என்னை இழுத்துக்கொண்டு போய்க் கேக் வாங்க வைத்தாள். "பெரிசா வாங்குப்பா, சின்னதுன்னா சரியா வராது" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா மாதிரி பொறுப்பு என்று கீழ்வீட்டு அக்கா கூடச் சொன்னார்கள்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். பிள்ளைகள் எல்லாம் அழுதன, டீச்சரும் அழுதார். இவள் ஒருத்தி மட்டும் பல் போன வாயோடு சிரித்துக்கொண்டே கை தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன், "உனக்கு அழுகை வரலையா?"

"எதுக்குப்பா அழணும்? டீச்சர் போகமாட்டாங்க."

"யாரு சொன்னா?"

"பார்ட்டி வச்சாச்சுல்ல. அம்மாவுக்கும் வச்சாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. அம்மா போகவேயில்லையே. பார்ட்டி வச்சா போகமாட்டாங்கப்பா."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கப் போனோம். டீச்சர் வீட்டு வாசலில் லாரி நின்றது. கட்டில், மிதிவண்டி, துணி மூட்டை எல்லாம் ஏறிவிட்டது. டீச்சர் இவளைப் பார்த்துக் கையசைத்தார். இவள் அசைக்கவில்லை. லாரி முனை திரும்பும் வரை ரொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அப்போ பார்ட்டி வச்சாலும் போகலாமாப்பா?"

"போகலாம்."

"யாரும் பிடிச்சு வச்சுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்படின்னா அம்மாவும் வந்திருக்கலாம்."

இவ்வளவுதான் பேசினாள். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ கூப்பிட்டபோதெல்லாம் குளிக்கிறாள், தூங்கிவிட்டாள், கீழ்வீட்டில் இருக்கிறாள் என்று நான் சொன்னது அத்தனையும் பொய். பக்கத்தில்தான் நின்றாள். போனை நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பத்தாம் வகுப்புக்காக இருந்தாய் என்று நான் அவளிடம் சொல்லலாம். ஆனால் அவள் கேட்டது ஏன் என்று இல்லை. வந்திருக்க முடியுமா என்றுதான் கேட்டாள். அதற்கு நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்லிக் கொடு.

வாலுவின் அப்பா

---

ஜனவரி 4

அன்புள்ள என்னங்க,

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. படித்து முடித்ததும் முகம்கூடக் கழுவாமல் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

"மேடம், நான் வெள்ளிக்கிழமையோட போறேன்" என்றேன். அவர் கேட்கப்போகும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன். கத்தவும் தயாராகத்தான் போனேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நிஜமாவா?" என்றார். நிஜமாகத்தான் என்றேன். "சரி" என்று போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். மதியம் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஒரு பெண் வந்து என் நாற்காலி அருகில் நிற்கிறாள். கணக்கு எம்.எஸ்ஸி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் வீடு. செப்டம்பரிலிருந்து வேலை கேட்டு நடையாய் நடந்திருக்கிறாள்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. திரும்பவும் உள்ளே போனேன். "ஆள் கிடைக்கலன்னு சொன்னீங்களே மேடம்?"

"தேடினாத்தானே டீச்சர் கிடைக்கும். நாங்க விழா எடுத்தோம், அப்பவும் நீங்க போகல. ஒரு வார்த்தை சொன்னதும் தங்கிட்டீங்க. டிசம்பர்லயும் அப்படித்தான். உங்களுக்கே போறதுக்கு மனசில்லைன்னு நினைச்சேன். இஷ்டமா இருக்கிறவங்களை எதுக்கு அனுப்பணும்?"

அவர் மேல் பாய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எது என்று என்னால் எடுத்துக் காட்ட முடியவில்லை. என்னை விட்டால் ஆளில்லை என்று ஒருவர் சொல்லக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அங்கே வந்தால் நான் வெறுமனே அம்மாதானே, அங்கே யாரும் என்னை மேடையில் ஏற்றி இவங்க இல்லாமல் நினைத்தே பார்க்க முடியாது என்று சொல்லமாட்டார்களே என்றுகூட ஒரு நாள் நினைத்திருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் இன்னும் வெட்கம்.

நேற்று அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்தாள். நான் வராந்தாவில் நின்று கேட்டேன். நன்றாகத்தான் எடுக்கிறாள். பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வாலு கேட்டதற்குப் பதில் கேட்டிருந்தீர்கள். வந்திருக்கலாம். செப்டம்பரிலேயே வந்திருக்கலாம். பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு என்று எதையும் முன்னும் பின்னும் ஒட்டாமல் இதை மட்டும் சொல்லுங்கள். நான் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அதை அவளிடம் சொல்ல வேண்டாம். வருகிறேன், வருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று, மூன்றாவது தடவை கேட்க அவளுக்கு என்ன தலையெழுத்தா. ஸ்டேஷனுக்கும் யாரும் வரவேண்டாம். நானே ஆட்டோ பிடித்து வந்து மணி அடிக்கிறேன். நீங்கள் போய்த் திறக்காதீர்கள். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாலும் திறக்காதீர்கள், அவளைச் சமாதானமும் செய்யாதீர்கள். நான் படியில் உட்கார்ந்திருப்பேன். மதியம் ஆனாலும் சரி, சாயங்காலம் ஆனாலும் சரி. அவளுக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது அவளே வந்து திறக்கட்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா