அறிக்கையின் நான்காம் வரி

மார்ச் 4, செவ்வாய்

படங்களைச் சேமித்து வைக்கும் எங்கள் கம்பெனிச் செயலியில், ஒரே மாதிரிப் படங்களைத் தேடி அழிக்கும் நிரலை வெள்ளிக்கிழமை வெளியிட்டே ஆக வேண்டுமாம். தேதியும் அளவும் ஒன்றாக இருந்தால் ஒரே படம் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. பழைய ஆல்பத்தை ஒரே நாளில் ஸ்கேன் செய்து ஏற்றியவர்களுக்கு எல்லாப் படத்துக்கும் ஒரே தேதி, ஒரே அளவுதானே! அழிப்பதற்கு முன் முப்பது நாள் குப்பைக்கூடையில் வைத்திருக்கலாம் என்று மேலாளருக்கு எழுதினேன். நேரிலும் போய்ச் சொன்னேன்.

"பாத்துக்கலாம்மா. மேல தேதி குடுத்தாச்சு."

மார்ச் 7

வெளியிட்டார்கள். கேக் வெட்டினார்கள். நான் சாப்பிடவில்லை.

மார்ச் 11

நாற்பதாயிரம் பேரின் படங்கள் போய்விட்டன. திரும்ப எடுக்க வழியே இல்லை.

மார்ச் 12

சித்தி போன் செய்தாள். "உங்க கம்பெனிதானேடி? சித்தப்பா படம் ஒண்ணத் தவிர எல்லாம் காணோம். ஆல்பத்தையும் தூக்கிப் போட்டுட்டேனே. நீ கேட்டா எடுத்துத் தர மாட்டாங்களா?"

சித்தப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்களிடம் ஏற்றிவிட்டால் பத்திரம் என்று சொன்னவளே நான்தான். கேட்டுப் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன்.

மார்ச் 14

நடந்ததை அறிக்கையாக எழுதும் வேலை என் தலையில். இதற்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு: யார் பெயரும் வரக்கூடாது, யார் மேலும் பழி கூடாது. பயமில்லாமல் உண்மையைச் சொல்வதற்காக வைத்த வழக்கம். நானும் பெயர் போடவில்லை. நான்காம் வரியில் இவ்வளவுதான் எழுதினேன்: "இந்த ஆபத்து முன்பே இரண்டு முறை தெரிவிக்கப்பட்டது. வெளியீட்டுத் தேதிக்காக அது ஒதுக்கி வைக்கப்பட்டது."

மார்ச் 17

மேலாளர் அந்த வரியை மாற்றியிருக்கிறார்! "ஆபத்து உரிய முறையில் எடுத்துச் சொல்லப்படவில்லை."

சொன்னது நான். அப்படியென்றால் சொல்லத் தெரியாதவளும் நான்தானா? எழுதிக் குடுத்தேன், வாயாலயும் சொன்னேன், இன்னும் எப்படிய்யா சொல்லணும், தமுக்கடிச்சா? போய்க் கேட்டால், "நாமதான் யாரையும் பழி சொல்றதில்லையே" என்று சிரிக்கிறார். பழி போடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே என் மேல் போடுகிற சாமர்த்தியம் இருக்கிறதே!

நிரல்களைச் சோதித்துப் பார்க்கிற பக்கத்து மேசை டெஸ்டர் அக்கா, "விட்டுடும்மா. இங்க எதிர்த்துப் பேசி யாரு நிலைச்சிருக்காங்க?" என்றார். அவர் மேலும் கோபம் வந்தது.

மார்ச் 18

பழைய வரியைத் திரும்பப் போட்டேன். நான் அனுப்பிய எச்சரிக்கையையும் இணைத்து, கம்பெனி முழுக்கப் படிக்கிற இடத்தில் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் சித்தியிடம் உண்மையைச் சொன்னேன், படங்கள் வராது என்று. மிச்சமிருக்கிற அந்த ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னாள்.

ஏப்ரல் 2

"குழுவோடு ஒத்துப்போவதில்லை" என்று மதிப்பீடு. ஒத்துவராதவர்களை ஒதுக்கி வைக்கிற மூன்றாம் மாடிக்கு மாற்றல். போங்கய்யா நீங்களும் உங்க குழுவும்.

ஏப்ரல் 23

மதியம் டெஸ்டர் அக்கா படியேறி வந்தார். அடுத்து வீடியோக்களை அழிக்கும் நிரலாம், இன்று வெளியீடாம். அதிலும் குப்பைக்கூடை கிடையாது. சோதித்துப் பார்த்த அக்கா சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். மேலாளரே அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாராம்.

"உன் அறிக்கையைத் திறந்து, அந்த நாலாவது வரியை அவர் முன்னாடியே சத்தமா படிச்சேன். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். நின்னுபோச்சு."

அவருக்கு மூச்சு வாங்கியது. கையில் லேப்டாப், தண்ணீர் பாட்டில், மேசையில் வைத்திருந்த பிள்ளைகளின் படம்.

"இங்க எந்த மேசைம்மா காலி?" என்றார்.

என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.