மொட்டை மாடிப் பெட்டியும் ஜெஸ்லினின் லீவும்

முத்தையாபுரம்,
தூத்துக்குடி.
நவம்பர் 18

அன்பு மகன் நேசக்குமாருக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம், அங்கே மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குத் தபால் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் என்றால் பக்கத்தில் அம்மா இருப்பாள், மருமகள் ஜெஸ்லின் இருப்பாள், அவர்களை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. டிசம்பரில் உன்னிடம் வருவதாக இருந்தவள் லீவு இல்லை என்று சொன்ன நாளிலிருந்து நீ அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வர மனசில்லாமல் சாக்குச் சொல்கிறாய் என்று நீ சொன்னது என் காதிலும் விழுந்தது, வீடு சின்னதுதானே. அது சாக்கு இல்லையப்பா. அவளுடைய லீவு போனதற்குக் காரணம் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனாலும் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போகாமல் இருக்கமாட்டேன் என்கிறாள், சொன்னால் கேட்கிற ஆளா. மழை இரண்டு நாள் நன்றாகப் பெய்தது, உப்பளத்தில் வேலை நிறுத்திவிட்டார்கள். நம் தெருவுக்கு ஃபைபர் கேபிள் இன்னும் வந்தபாடில்லை. மெயின் ரோட்டிலிருந்து இங்கே வர உப்பள நிலத்தில் கம்பம் நடவேண்டும், ஒரு இடத்தில் ரோட்டைத் தோண்டவேண்டும், இரண்டுக்கும் அனுமதி எந்த மேஜையில் கிடக்கிறதோ தெரியவில்லை. அதனால் எல்லோரும் டவரிலிருந்து காற்றில் வருகிற இன்டர்நெட்டுக்கு மாறிவிட்டார்கள். நீ போகும்போது நம் வீட்டு மொட்டை மாடியில் மட்டும்தான் அந்த வெள்ளைப் பெட்டி இருந்தது, இப்போது மாடியில் நின்று பார்த்தால் முப்பது வீட்டில் தெரிகிறது. பஸ் ஸ்டாப்பில் குடை போட்டு உட்கார்ந்து ஆள் சேர்க்கிறார்கள். கேபிள் டிவி அய்யாக்குட்டி அண்ணாச்சிகூட தன் வீட்டுக்கு ஒன்று வாங்கி, அதைத் துணி காயப்போடுகிற கொடிக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறார்.

செப்டம்பர் கடைசியில் வழக்கம்போல நான் பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே, இங்கே அடிக்கிற உப்புக் காற்றுக்கு மழைக்கு முன்னால் இரும்புக்கெல்லாம் ஒரு கோட்டிங் அலுமினியப் பெயிண்ட் அடிக்காவிட்டால் அடுத்த வருஷம் இரும்பே இருக்காது. கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு எல்லாம் அடித்தேன். மேலே பெட்டியைப் பிடித்திருக்கிற கம்பியிலும் துரு ஏறியிருந்தது. அதற்கு அடித்துவிட்டு, பெட்டியும் பாவம் என்று அதற்கும் சேர்த்து இரண்டு கோட்டிங் கொடுத்தேன். முன்னும் பின்னும் இடம் விடாமல். பளபளவென்று இருந்தது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாளிலிருந்து லைன் படுத்துவிட்டது. ஒரேயடியாகப் போகவும் இல்லை, கொஞ்ச நேரம் வரும், ஜெஸ்லின் வீட்டிலிருந்தே செய்கிற ஆபீஸ் வேலையின் பாதியில் இருக்கும்போது போய்விடும். அவள் ஆபீஸில் ஒரு விதி, இரண்டு மணி நேரத்துக்குமேல் லைன் இல்லாவிட்டால் அரை நாள் லீவு பிடித்துக்கொள்வார்கள். உன்னிடம் வருவதற்கென்று வருஷம் முழுக்க, காய்ச்சலுக்குக்கூட எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த லீவு அப்படித்தான் அரை நாள் அரை நாளாகக் கரைந்தது. எனக்கு வந்ததே கோபம். முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் லைன்மேனாக இருந்தவனுக்குத் தெரியாதா, ஒரு டவருக்கு இவ்வளவு வீட்டைச் சேர்த்தால் எல்லோருக்கும் எங்கேயிருந்து வரும் என்று கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் நம்பர் வாங்கினேன். முதலில் வந்தவன் கீழே இருக்கிற ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற விதியைத் தேடிப் பிடித்து நாலு பக்கம் எழுதினேன். இந்தக் கம்பெனிகளுக்கெல்லாம் மேலே டெல்லியில் இருக்கிற டிராய்க்கும் ஒரு நகல் அனுப்பினேன். தனி ஆள் புகாரை நாங்கள் விசாரிப்பதில்லை, கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடமே போங்கள் என்று பதில் வந்தது. அதையும் ஆலயத்தில் நாலு பேருக்குக் காட்டினேன். சொன்ன வேகம் கொடுக்காதவன் என்ன கம்பெனி என்று நான் பேசாத இடமில்லை.

அக்டோபர் கடைசியில் ஜெஸ்டின் என்ற டெக்னீஷியன் வந்தான். எனக்கு அன்று பென்ஷன் ஆபீஸ் வேலை, வீட்டில் இல்லை. திரும்பி வந்தால் லைன் பறக்கிறது. "டவர்லதான் கோளாறாம் மாமா, ஒங்க மனுவப் பாத்துத்தான் சரி பண்ணிருக்காங்க" என்று ஜெஸ்லின் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் இன்னும் மூன்று பேருக்கு மனு எழுதிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

போன சனிக்கிழமை ஹார்டுவேர் கடையில் அந்த ஜெஸ்டினைப் பார்த்தேன். டவரை ஒழுங்காக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று பத்துப் பேர் நடுவில் அவனைச் சத்தம் போட்டேன். அவன் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "அண்ணாச்சி, டவர்ல ஒண்ணுமே இல்ல. அலுமினியப் பெயிண்ட அந்தப் பெட்டில அப்பி வச்சா சிக்னல் எங்கன கூடி நுழையும்? நாந்தான் வேற பெட்டி மாட்டுனேன். மாமாகிட்ட சொல்லிராதீங்கன்னு ஒங்க மருமவதான் சொல்லிச்சு" என்றான். வாங்க வந்த ஆணியையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். தெரு முழுக்க என் மனுவைப் பற்றிப் பேசினது நினைவு வந்து வெட்கமாக இருந்தது, அதைவிட ஜெஸ்லின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இரண்டு நாள் பொறுத்து இன்று காலையில் அவளிடம் கேட்டுவிட்டேன். லீவைத் திருப்பித் தரச் சொல்லி அவள் ஆபீசுக்கு நானே எழுதுகிறேன் என்றேன். அவள் ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டாளாம், போனது போனதுதானாம். உன் புருஷன் இவ்வளவு பேசினானே, உள்ளதைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டதற்கு அழுதுவிட்டாள். "சொல்லிராதீங்க மாமா. எம்மேல சடச்சா ரெண்டு நாள்ல சரியாயிரும். ஒங்கமேல சடச்சா நீங்க தாங்கமாட்டீங்க" என்றாள். இரண்டு நாள் அல்ல, மூன்று வாரமாக அவள் உன் கோபத்தை வாங்கிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி இது இரண்டாவது கிறிஸ்துமஸ், இதற்கும் நீங்கள் பிரிந்திருக்கக் காரணம் நான். மன்னித்துக்கொள் மகனே.

சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டும் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் என்னைத் திட்டு, நான் தாங்குவேன், அந்த விஷயத்தில் அவள் நினைத்தது தப்பு. ஆனால் இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் அவளைக் கூப்பிட்டுப் பேசு. அவள் வேலை ஐந்து மணிக்கு முடியும். அந்த நேரம் நானும் அம்மாவும் வெளியே நடக்கப் போய்விடுகிறோம், வீட்டில் அவள் மட்டும் இருப்பாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. என்னிடம் நாலு நாள் கழித்துப் பேசினாலும் போதும்.

உன் அன்பு அப்பா,
ஞா. பொன்னுதுரை